பழைய போர்க்கப்பலும் புதிய செலவுச் சீட்டும்

(பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போர்க்கப்பலைப் பற்றிப் பேசுவதற்குச் சட்டத்தரணி ஒருவனுக்கு என்ன தகுதி உண்டென உங்களிற் சிலர் எண்ணுதல் கூடும். நான் கப்பல் கட்டத் தெரிந்தவனல்லன், ஓட்டத் தெரிந்தவனுமல்லன். ஆயினும், ஒவ்வொரு கப்பலுக்கும் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருக்கின்றது. ஒப்பந்தத்தைப் படிப்பது என் தொழில். அவ்வொப்பந்தத்துக்குப் பின்னால் வரிப்பணம் இருக்கின்றது. அஃது உங்களுடைய பணம். சீனிக்கும் எரிபொருளுக்கும் உரத்துக்கும் நீங்கள் கொடுக்கும் விலையினுள்ளே ஒளிந்திருந்து திறைசேரிக்குச் செல்லும் பணம். ஆகவே இன்று உங்கள் முன்னிலையில் ஆராய விரும்பும் கேள்வி இதுதான்: வயது சென்ற போர்க்கப்பல் ஒன்றைப் புதுப்பித்து மேலும் சில ஆண்டுகள் ஓட்டுவது எப்போது அறிவுடைமை, எப்போது அறியாமை?

"தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. வீட்டுக்கு வந்த மாட்டைப் பொறுத்தவரை அது நல்ல பண்பாடு. நாட்டுக்கு வந்த கப்பலைப் பொறுத்தவரை அதனை நான் ஏற்றுக்கொள்ளேன். பல்லையும் பார்க்க வேண்டும். குளம்பையும் பார்க்க வேண்டும். அது நாளொன்றுக்கு எத்தனை கட்டு வைக்கோல் தின்னும் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

முதலில், கப்பல் எவ்வாறு முதுமையடைகின்றது என்பதைப் பார்ப்போம். உப்புநீரில் நிற்கும் உருக்குத் தகடு ஆண்டுதோறும் தேய்கின்றது. வெளியே நிறம் பூசியிருப்பதால் அத்தேய்வு கண்ணுக்குப் புலப்படாது. ஒலியலையைச் செலுத்தித் தகட்டின் தடிப்பை அங்குலம் அங்குலமாக அளந்தாற்றான் உண்மை வெளிவரும். அலைகளின் மேல் ஏறியும் இறங்கியும் உடல் வளைந்து நிமிர்வதால், பொருத்துகளில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. கொதிகலன்களின் குழாய்கள் மெலிகின்றன. மின்கம்பிகளின் உறை காய்ந்து நொறுங்குகின்றது. இவையெல்லாம் உடலின் முதுமை. இதனிலும் விரைவாக வருவது கருவிகளின் முதுமை. கப்பலின் உடல் முப்பது ஆண்டு நிற்குமாயின், அதன் மேலுள்ள றேடாரும் கணிப்பொறிகளும் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே பழையன ஆகிவிடுகின்றன. அவற்றைச் செய்த கம்பனி மூடப்பட்டிருக்கும்; உதிரிப்பாகம் எங்குங் கிடையாது. உங்கள் தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்துக்கு ஒரு சிறு வளையம் அகப்படாமல் யாழ்ப்பாணப் பட்டினம் முழுவதும் அலைந்திருப்பீர்கள். அதே அலைச்சல்தான் இங்கும். ஆனால் அலைபவர் கடற்படைத் தளபதி, விலையோ ஆயிரம் மடங்கு.

இன்னுமொரு சங்கடம் உண்டு. இதனைச் சாதாரணமாக எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. புதிய கருவிகள் பெரும்பாலும் உயரத்தில், பாய்மரம் இருந்த இடத்தில் அமர விரும்புவன. உயரத்தில் பாரம் கூடினால் கப்பல் கவிழத் தலைப்படும். வைக்கோலை மிதமிஞ்சி உயர்த்தி ஏற்றிய வண்டி வயல் வரம்பில் என்ன பாடுபடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆதலின், மேலே ஒன்றை ஏற்ற வேண்டுமாயின் மேலேயிருந்து வேறொன்றை இறக்க வேண்டும். அல்லது அடியில் பாரம் இட வேண்டும். புதிய கருவிகளுக்கு மின்சாரமும் குளிரூட்டலும் வேண்டும். பழைய மின்னாக்கி அதற்குப் போதாது. அதனை மாற்றச் சுவரை வெட்ட வேண்டும். நாற்சார் வீட்டுக்கு ஓடு மாற்றப் புகுந்தவன், சிலாகை உளுத்திருக்கக் கண்டு, சிலாகையைக் கழற்றியதும் கைமரம் உளுத்திருக்கக் கண்டு, ஈற்றில் வளையையும் மாற்றி, ஓடாவியாருக்குக் காணியை ஈடுவைத்துக் கூலி கொடுத்த கதைதான்.

ஆனால், பழையதைப் புதுப்பிப்பதே பிழை என்று நான் வாதாட வரவில்லை. சிறப்பாக நிறைவேறிய திட்டமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா நூற்றுக்கணக்கான நாசகாரிக் கப்பல்களை ஓரிரு ஆண்டுகளுள் கட்டி முடித்தது. ஒரே ஆண்டில் நட்ட தென்னந்தோப்பு ஒரே காலத்திற்றான் காய்ப்பொழியும். 1950களின் பிற்பகுதியில் அந்நாட்டுக் கடற்படை இவ்வுண்மையை எதிர்நோக்கிற்று. எல்லாவற்றுக்கும் பதிலாகப் புதியன கட்டப் பணம் இல்லை. சோவியத்து நீர்மூழ்கிகளோ விரைவிலும் தொகையிலும் கூடிக்கொண்டிருந்தன. அப்போது வகுக்கப்பட்டதுதான் கடற்படைப் புனரமைப்பும் நவீனமாக்கலும் என்ற திட்டம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அதனைச் சுருக்கமாகப் 'பிறாம்' என்பர்.

அத்திட்டத்தின் சிறப்பு யாதெனில், அது தன் ஆசையை அளந்து வைத்திருந்தது. முதலாம் வகைப் புதுப்பித்தலுக்குள்ளாகும் கப்பல் எட்டு ஆண்டு உழைக்க வேண்டும். இரண்டாம் வகை ஐந்து ஆண்டு உழைக்க வேண்டும். அதற்கு மேல் எவரும் வாக்களிக்கவில்லை. கியறிங் வகுப்பு நாசகாரிகளில் மூன்று இரட்டைப் பீரங்கிக் கூடுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றைக் கழற்றினர். மேற்கட்டை இடித்து இலேசான அலுமினியத்தாற் கட்டினர். இவ்வாறு மீதப்படுத்திய பாரத்தில், நீர்மூழ்கியை அழிக்கும் உந்துகணைகளையும், ஆளில்லாது பறக்கும் ஒரு சிறு ஹெலிகொப்ரரையும் ஏற்றினர். கப்பல்கள் ஒரே வார்ப்பின ஆகையால், முதற்கப்பலில் கற்ற பாடம் அடுத்ததிற் பயன்பட்டது.

அந்த ஆளில்லா ஹெலிகொப்ரர் பெருந்தோல்வியாயிற்று. செய்யப்பட்டவற்றுட் பாதிக்கு மேல் கடலுக்குள்ளேயே போயின. ஆயினும் கப்பல்கள் நின்றன. துருக்கி, கிரேக்கம், தைவான், தென்கொரியா, பிறேசில் ஆகிய நாடுகள் பின்னர் அவற்றைப் பெற்று ஓட்டின. 1945 இல் சேவைக்கு வந்த 'ஸ்ரெயினாக்கர்' என்ற நாசகாரி 1982 இல் மெக்சிக்கோவுக்குச் சென்று 2014 வரை அந்நாட்டுக் கடற்படையில் இருந்தது. எட்டு ஆண்டுக்கென்று எண்ணிய உயிர் எத்தனை பத்தாண்டுகள் நீண்டது பாருங்கள்! ஒன்றைக் கழற்றித்தான் ஒன்றைப் பூட்டுவோம் என்ற கட்டுப்பாடு அதற்கு ஒரு காரணமென்பது என் துணிபு.

இனி மறுபக்கம். பிரித்தானியாவின் 'விக்ரோறியஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் 1941 இல் சேவைக்கு வந்து, அவ்வாண்டிலேயே ஜேர்மனியரின் 'பிஸ்மார்க்' கப்பலை வேட்டையாடிய படையிற் பங்கு கொண்டது. போர் முடிந்த பின் ஜெற் விமானங்கள் வந்தன. பழைய தளம் அவற்றைத் தாங்காது. 1950 இல் போட்ஸ்மத் துறைமுகத்தில் அதனைப் பிரித்துக் கட்டத் தொடங்கினர். மதிப்பிட்ட செலவு ஏறத்தாழ 50 இலட்சம் பவுண். வேலை நடந்துகொண்டிருக்கையிலேயே விமானங்கள் பருத்தன. சாய்தளம் என்ற புதுமை வந்தது. நீராவிக் கவண் வந்தது. ஒவ்வொன்றுக்கும் வரைபடம் மாறிற்று. பாதிவழியில் ஒருவர் கேட்டார்: "கொதிகலன்கள் இன்னும் எத்தனை ஆண்டுக்கு நிற்கும்?" பத்தாண்டுக்கு மேல் நில்லா என்று கண்டனர். அவற்றை மாற்றுவதற்காக, முடித்து மூடிய தளங்களை மீண்டும் வெட்டித் திறந்தனர். கப்பல் வெளிவந்தது 1958 இல். செலவு ஏறத்தாழ 200 இலட்சம் பவுண்.

எட்டு ஆண்டுகளாகப் பிரித்துக் கட்டிய கப்பல் அதன்பின் உழைத்தது ஏறத்தாழ ஒன்பது பத்து ஆண்டுகள். 1967 இல் திருத்த வேலையின்போது ஒரு சிறு தீ மூண்டது. பணமுடையில் இருந்த அரசாங்கம் அதனை ஒரு சாட்டாகக் கொண்டு கப்பலை மீண்டும் சேவைக்கு அனுப்பவில்லை. 1969 இல் உடைக்கக் கொடுத்துவிட்டது. இதேபோல அதன் தோழமைக் கப்பல்களையும் புதுப்பிக்க வேண்டுமென்று தொடக்கத்தில் திட்டமிருந்தது. விக்ரோறியசின் செலவைக் கண்டபின் அப்பேச்சையே எடுக்கவில்லை. கொதிகலன் பற்றிய கேள்வியை முதல்நாள் கேட்டிருந்தால் என்ன? கேட்பதற்குக் காசு செலவாகியிராது.

அன்பர்களே, இனி நான் சொல்லப்போவது ஒப்பந்தம் பற்றியது. இதில் நான் சற்று நீட்டிப் பேசுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உக்கிரேனிலுள்ள நிக்கோலாயெவ் நகரிற் கட்டப்பட்டு, 1987 இல் 'பாக்கூ' என்ற பெயரோடு சோவியத்துக் கடற்படையிற் சேர்ந்தது ஒரு விமானந்தாங்கிக் கப்பல். பின்னர் அதற்கு 'அட்மிரல் கோர்ஷ்கோவ்' என்று பெயர் மாற்றினர். 1994 இல் அதன் கொதிகலன் அறையில் வெடி விபத்து நிகழ்ந்தது. 1996 இல் கப்பல் சேவையிலிருந்து நீங்கிற்று. ரஷ்யாவிடம் அதனைப் பேணப் பணமில்லை. இந்தியாவிடமோ 'விராட்' என்ற ஒரேயொரு விமானந்தாங்கி மாத்திரமே எஞ்சியிருந்தது. அதுவும் 1944 இல் அடியிடப்பட்டு 1959 இல் 'ஹேர்மீஸ்' என்ற பெயரோடு பிரித்தானியக் கடற்படையிற் சேர்ந்த மூதாட்டி.

2004 ஆம் ஆண்டு ஜனவரியில் இரு நாடுகளும் கையொப்பமிட்டன. கப்பலின் உடல் இலவசம் என்றார்கள். அதனைப் புதுப்பித்துத் தருவதற்கு மாத்திரம் விலை. 100 கோடி டொலருக்குச் சற்றுக் குறைந்த தொகை. 2008 இல் கையளிப்பதாக ஏற்பாடு. வேலையைப் பொறுப்பேற்றது வடகடலோரம் செவெரோட்வின்ஸ்க் நகரிலுள்ள செவ்மாஷ் கப்பற்கூடம். அணுசக்தி நீர்மூழ்கிகள் கட்டுவதிற் பேர்பெற்ற கூடம் அது. ஆனால் விமானந்தாங்கி ஒன்றில் அதன்முன் கைவைத்ததில்லை. மாட்டு வைத்தியத்தில் எவ்வளவு கெட்டிக்காரராயினும் அவரிடம் யானையைக் கொண்டுபோவதற்கு முன் ஒருகணம் யோசிப்பீர்களல்லவா?

கப்பலைத் திறந்தார்கள். ஏட்டில் எழுதியிருந்ததிலும் எத்தனையோ மடங்கு மின்கம்பியை மாற்ற வேண்டியிருந்தது. உடற்றகடுகள் எதிர்பார்த்ததிலும் கூடுதலாகக் கெட்டிருந்தன. 2007 இல் ரஷ்யர் மேலும் 120 கோடி டொலர் வேண்டுமென்றனர். இங்கேதான் சட்டத்தரணியின் கண் விழித்துக்கொள்கின்றது. ஒப்பந்தப்படி நட்டஈடு கேட்கலாமே, வழக்கு வைக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இந்தியாவின் நிலை என்ன? முற்பணம் சென்றுவிட்டது. கப்பல் பிரிக்கப்பட்ட நிலையில் மற்றவர் முற்றத்திற் கிடக்கின்றது. அதிலிருந்து பறக்கவேண்டிய விமானங்களையும் அதே நாட்டிடந்தான் வாங்கியாயிற்று. சந்தையில் வேறு விமானந்தாங்கி விற்பனைக்கு இல்லை. விராட்டோ நாளுக்கு நாள் தளர்கின்றது. இந்த நிலையில் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு உங்களைக் காப்பாற்றும்? கடையில் ஒரேயொரு மூட்டை அரிசி இருக்க, வீட்டிற் பிள்ளைகள் பசித்திருக்க, விலை பேசுபவனுடைய நிலை அது.

2009 இல் இந்தியாவின் கணக்காய்வுத் தலைமை அதிகாரி தமது அறிக்கையை வெளியிட்டார். ஆயுள் குறுகிய இந்தப் பழைய கப்பல் புதிய கப்பல் ஒன்றிலும் 60 சதவீதம் கூடிய செலவில் வருகின்றதென்று அதிற் கண்டித்திருந்தார். ஆயினும் 2010 மார்ச்சில் ஏறத்தாழ 230 கோடி டொலருக்கு உடன்பாடு முடிந்தது. 2012 இல் கடற்பரீட்சை நடந்தபோது எட்டுக் கொதிகலன்களுள் ஏழு பழுதடைந்தன. வெப்பந் தடுக்க அஸ்பெஸ்ரசுக்குப் பதிலாக வைத்த செங்கல் அவ்வெப்பத்தைத் தாங்கவில்லை. ஈற்றில் 2013 நவம்பர் 16 ஆந் திகதி 'விக்கிரமாதித்யா' என்ற பெயருடன் அது இந்தியக் கடற்படையிற் சேர்ந்தது. ஐந்தாண்டு தாமதம்; இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட விலை.

இதில் இந்தியா ஏமாந்துவிட்டது என்று கைகொட்டிச் சிரிக்க நான் வரவில்லை. விராட் 2017 மார்ச்சில் விடைபெற்றது. அவர்கள் கொச்சியிலே சொந்தமாகக் கட்டிய 'விக்ராந்த்' சேவைக்கு வந்தது 2022 செப்டெம்பரில். இடைப்பட்ட ஐந்தரை ஆண்டுகள் அந்நாட்டின் ஒரே விமானந்தாங்கியாய் நின்றது இந்த விலையேறிய கப்பல்தான். ஆகவே அதனை வாங்கியது முழுத்தவறு என்று தீர்ப்பெழுத எனக்குக் கைவரவில்லை. திறந்து பார்க்காத பண்டத்துக்கு விலைகுறித்துக் கையெழுத்து வைத்தது தவறு. அதனை மட்டும் உறுதியாகச் சொல்வேன். காணி ஒன்று வாங்குவதாயின் நாம் என்ன செய்கின்றோம்? பதிவுக் கந்தோரிலே பழைய உறுதிகளைத் தேடுவிக்கின்றோம், எல்லை பார்க்கின்றோம், பங்குக்காரர் உளரோ என விசாரிக்கின்றோம், அதன் பின்னரே நொத்தாரிசிடம் போகின்றோம். நூறு கோடி டொலர் ஒப்பந்தத்துக்கு அந்த இரண்டு பரப்புக் காணிக்குரிய கவனமாவது வேண்டாமா?

செல்வம் படைத்த நாடு இதில் விவேகமாய் நடந்திருக்கும் என எண்ணுகின்றீர்களா? அமெரிக்கக் கடற்படை தனது பழைய குரூசர்களில் ஏழினை நவீனமாக்குவதற்கு 2015 முதல் ஏறத்தாழ 370 கோடி டொலர் செலவிட்டது. அந்த ஏழில் நான்கு, ஒருமுறைதானும் பணிக்குக் கடல் செல்லாமலே சேவையிலிருந்து கழிக்கப்பட்டன. அந்நான்குக்கும் சென்ற 184 கோடி டொலர் வீண்விரயம் என்று அந்நாட்டுக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 2024 டிசெம்பரில் வெளியிட்ட அறிக்கையில் வெளிப்படையாகவே எழுதிற்று. வேலை தொடங்கிய பின் ஒப்பந்தத்தில் செய்யப்பட்ட மாற்றங்கள் 9,000! இந்த எண்ணைப் படித்தபோது என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் படித்தேன். அறுபது ஆண்டுகளுக்கு முன் 'பிறாம்' திட்டத்தைச் செம்மையாக நடத்திய அதே கடற்படைதான் இதனையுஞ் செய்தது.

பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கின்றேன். கப்பலில் மனிதர் இருக்கின்றனர். 1982 மே 2 ஆந் திகதி போக்லண்ட் போரில் ஆர்ஜென்ரீனாவின் 'ஜெனரல் பெல்கிரானோ' மூழ்கியபோது 323 பேர் மாண்டனர். அக்கப்பல் 1938 இல் 'பீனிக்ஸ்' என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையிற் சேர்ந்தது. பேர்ள் ஹாபர் தாக்குதலுக்குத் தப்பியது. 1951 இல் விற்கப்பட்டது. அதனை வீழ்த்திய பிரித்தானிய நீர்மூழ்கியிடம் புதுவகை நீர்மூழ்கிக்குண்டுகளும் இருந்தன. ஆனால் தளபதி அவற்றை நம்பாமல், உலகப் போர்க் காலத்துப் பழைய வகையையே ஏவினார். பழையது பழையதை மூழ்கடித்தது. பழமை மாத்திரமே குற்றமன்று என்பதற்கு இதனிலும் வேறு சான்று தேவையில்லை. பரீட்சிக்கப்பட்ட பழமை வேறு, பராமுகமாய் விடப்பட்ட பழமை வேறு.

1989 ஏப்ரல் 19 ஆந் திகதி நடந்தது என் உள்ளத்தை இன்னும் கூடுதலாக வருத்துவது. அமெரிக்கா 1940களிற் கட்டிய நான்கு பெரும் போர்க்கப்பல்களை 1980களிலே தூசி தட்டி எடுத்து, தொலைதூரம் பாயும் ஏவுகணைகளைப் பூட்டி, மீண்டும் கடலிலிறக்கிற்று. அவற்றுள் ஒன்றாகிய 'அயோவா'வில், பதினாறு அங்குலப் பீரங்கிக் கூடு ஒன்றினுள்ளே வெடிமருந்து பற்றி 47 மாலுமிகள் மாண்டனர். பீரங்கி பழையது, மருந்து பல பத்தாண்டுகள் களஞ்சியத்திற் கிடந்தது, அதனைக் கையாளும் கலையை வாழ்நாளெல்லாம் பயின்ற தலைமுறை ஓய்வுபெற்றுப் போய்விட்டது. ஆனால் கடற்படையின் முதல் விசாரணை யார்மீது பழியைப் போட்டது தெரியுமா? மாண்டவர்களுள் ஒருவன்மீது. அவன் வேண்டுமென்றே செய்திருக்கக்கூடும் என்றனர். இறந்தவன் கூண்டிலேறி மறுமொழி சொல்ல மாட்டான். பின்னர் சன்டியா ஆய்வுகூடத்தார், மருந்துப் பொதிகளை மிகை விரைவோடு உள்ளே தள்ளினாலே தீப்பற்றக்கூடும் என்று பரீட்சித்துக் காட்டினர். 1991 இல் கடற்படைத் தலைவர், அவன்மீது குற்றஞ்சாட்டத் தெளிவான சான்று இல்லையென்று ஒப்புக்கொண்டு குடும்பத்தாரிடம் வருத்தந் தெரிவித்தார். சான்றின்றிக் குற்றஞ்சாட்டுதல் என்றால் என்னவென்று நமது மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

திருத்த வேலை நடக்கும் காலமும் மாலுமிகளுக்குத் துன்பகாலமே. 'ஜோர்ஜ் வாஷிங்ரன்' என்ற அணுசக்தி விமானந்தாங்கியின் நடுவயதுப் புதுப்பித்தல் நான்கு ஆண்டில் முடிய வேண்டியது. 2017 இல் தொடங்கி 2023 மே வரை இழுபட்டது. இரைச்சலும் புழுதியும் நிறைந்த அக்கப்பலிற் சேவை செய்த மாலுமிகளுள் மூவர், 2022 ஏப்ரலில் ஒரே வாரத்துள் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். செலவு மதிப்பீட்டில் இதற்கென ஒரு நிரல் இருப்பதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கைக் கடற்படையின் தொடக்ககாலக் கப்பலாகிய 'விஜய', பிரித்தானியரிடம் கண்ணிவாரிக் கப்பலாக இருந்து 1949 இல் நம்மிடம் வந்தது. 1959 இல் வந்த 'மகாசேன', 'கஜபாகு' என்ற இரண்டும் உலகப் போரின்போது கனடாவுக்கு உழைத்து, பின்னர் இஸ்ரேலுக்கு உழைத்து, மூன்றாவது கையாக இங்கு வந்தவை. அன்றுதொட்டு நாம் பிறர் கழித்த கப்பலைப் பேணி ஓட்டியே பழகியவர்கள். இன்றைய 'கஜபாகு', 1968 இல் 'ஷேர்மன்' என்ற பெயரில் அமெரிக்கக் கரையோரக் காவற்படையிற் சேர்ந்து, வியற்னாம் போரையும் கண்டு, ஐம்பதாவது வயதில், 2018 இல், நமக்குக் கையளிக்கப்பட்டது. 1971 இல் சேவைக்கு வந்த 'டக்ளஸ் மன்றோ' 2021 இல் கையளிக்கப்பட்டு 'விஜயபாகு' ஆயிற்று. இவ்விரண்டும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. நான் முன்னர் சொன்ன 'பிறாம்' என்ற பெயரிலேயே, 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அவ்வகுப்புக் கப்பல்கள் அனைத்தும் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டன. அப்புதுப்பித்தலுக்கும் இன்று முப்பது வயது கடந்துவிட்டது.

இக்கடற்படையைப் பற்றி வடக்குக் கிழக்குக் கரையோரத்து மீனவருக்கும் காணிக்காரருக்கும் வேறு வழக்குகள் உண்டு. அவற்றை நான் மறக்கவில்லை. அவற்றுக்கு இன்னொரு மேடை உண்டு. இன்று நான் பேசுவது வரிகொடுப்பவனுடைய வழக்கு. அதில் காலி விவசாயியும் கிளிநொச்சி விவசாயியும் ஒரே கட்சிக்காரர்.

கப்பல் இலவசமாக வந்தது. உண்மை. கோர்ஷ்கோவின் உடலும் இலவசந்தான். விஜயபாகு கடல்கடந்து வந்து சேவையில் இணைந்தது 2022 இல்; வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென்று இந்நாடு அறிவித்ததும் அவ்வாண்டு ஏப்ரலில்; மண்ணெண்ணெய்க்கு நீங்கள் வரிசையில் நின்றதும் அதே ஆண்டில். நூற்றுப்பதினைந்து மீற்றர் நீளமும், டீசல் இயந்திரங்களோடு விமான இயந்திரம் போன்ற இரு வாயுச் சுழலிகளும் கொண்ட கப்பல் ஒரு நாளைக்கு எவ்வளவு எரிபொருள் குடிக்கும்? அதன் உதிரிப்பாகம் யாரிடம் உண்டு, எத்தனை ஆண்டுக்கு உண்டு? ஆழ்கடலிற் காவல் செல்லவும், ஆபத்திற் சிக்கிய மீனவரை மீட்கவும், போதைப்பொருள் வள்ளங்களைப் பிடிக்கவும் நெடுந்தூரம் ஓடவல்ல கப்பல் தீவொன்றுக்கு வேண்டியதே; அதனை நான் மறுக்கவில்லை. 2017 இலும் 2018 இலும் கோவாவிலே புதிதாகக் கட்டுவித்த 'சயுரால', 'சிந்துரால' என்ற இரு காவற்கப்பல்களும் நம்மிடம் உண்டு. ஆண்டுச் செலவை அவற்றோடு பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தாலன்றோ இலவசம் எது, விலை எது என்பது விளங்கும்?

பாதுகாப்பு இரகசியம், இதனையெல்லாம் வெளியிற் சொல்லலாகாது என்று ஒரு மறுமொழி வரும். இந்தியாவின் கணக்காய்வு அறிக்கை அச்சில் வெளிவந்தது. அதனால் அந்நாட்டுக் கடற்படை மூழ்கிவிடவில்லை. அமெரிக்காவின் 9,000 ஒப்பந்த மாற்றங்களை நான் படித்தது அவர்களே வெளியிட்ட ஏட்டில். எந்த இடத்தில் எந்த நாளிற் கப்பல் நிற்கும் என்பது இரகசியம். அதன் அடித்தகட்டின் தடிப்பும் உதிரிப்பாகத்தின் விலையும் எந்தப் பகைவனுக்கு எவ்விதம் பயன்படும் என்று எனக்கு விளங்கவில்லை. பல சமயங்களில் இரகசியம் என்ற சொல் மறைப்பது மதிப்பீடு செய்யாமையை.

ஆகவே, நமது பாராளுமன்றப் பிரதிநிதிகளிடம் நான் வேண்டுவது ஆவேச உரையன்று. இனி எந்த நாடு எந்தக் கப்பலைத் தந்தாலும், ஏற்பதற்கு முன் நமது பொறியியலாளர் தகட்டையும் இயந்திரத்தையும் அளந்து எழுதிய அறிக்கை, பத்தாண்டுக்குரிய எரிபொருள், உதிரிப்பாகம், திருத்தம் ஆகியவற்றின் மதிப்பீட்டோடு சேர்ந்து அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவின் முன் வரவேண்டும். திருத்த வேலைக்குக் கேள்விப்பத்திரம் கோரும்போது, திறந்து பார்த்த பின்னரே இறுதிவிலை நிர்ணயமாகும் என்றும், இத்தனை சதவீதத்துக்கு மேல் விலை ஏறினால் விலகும் உரிமை நமக்குண்டு என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும். இப்படி ஒரு பிரிவை எழுத எந்தச் சட்டத்தரணிக்கும் அரைநாள் போதும்.

கஜபாகுவுக்கு 2028 இல் அறுபது வயது நிறைகின்றது; விஜயபாகுவுக்கு 2031 இல். அவற்றை மீண்டும் ஒருமுறை பிரித்துப் பூட்டுவதா, கழித்துவிடுவதா என்ற கேள்வி வெகு தூரத்தில் இல்லை. அம்மதிப்பீட்டை எவர் தயாரிக்கின்றார், எப்போது அது சபையில் வைக்கப்படும் என்று வரும் வரவுசெலவுத் திட்ட விவாதத்தில், பாதுகாப்பு அமைச்சின் செலவுத்தலைப்பு எடுத்துக்கொள்ளப்படும் நாளிலேயே நமது உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டு, அமைச்சரின் விடையை ஹன்சாட்டிற் பதிவுசெய்விக்க வேண்டும்.